கடற்பறவை காலனிக்கு போறீங்களா? கிளம்புறதுல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

ஒரு செங்குத்து பாறை முழுக்க ஆயிரக்கணக்குல பறவைங்க, ஓயாத கத்தல், மூக்க துளைக்கிற வாடை, தலைக்கு மேல விடாம போக்குவரத்து, கீழ கடல்... இத நேர்ல பாத்தவங்களுக்கு தெரியும், காட்டு சஃபாரில ஒரு மிருகம் கண்ணுல பட மணிக்கணக்கா காத்திருக்கணும், இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒண்ணு நடந்துக்கிட்டே இருக்கும். ஆனாலும் "ஒண்ணுமே இல்லப்பா, வெறும் பாறை"னு சலிச்சுக்கிட்டு திரும்புறவங்களும் நிறைய பேர் இருக்காங்க. பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான், நம்ம லீவு எப்போ வருதுன்னு பாத்து பிளான் போட்டிருப்பாங்க. கடற்பறவைங்க வாழ்க்கையில பெரும்பகுதி நடுக்கடல்லயே கழியுது, கரைக்கு வர்றது முட்டை போட்டு குஞ்சு வளக்க மட்டும்தான், அதனால காலனின்னு சொல்ற, அதுங்க கூட்டமா கூடு கட்டுற இந்த இடத்த ஒரு பிரசவ வார்டுன்னு நினைச்சுக்கோங்க. அங்க எப்போ போகலாம், எவ்வளவு கிட்ட போகலாம்னு முடிவு பண்றது அதுங்கதான். இந்த ரெண்ட மட்டும் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா சரியாயிடும்.

படி 1: முதல்ல மாசத்த முடிவு பண்ணுங்க, அப்புறம் டிக்கெட்

வட அட்லாண்டிக் பக்கம், அதாவது பிரிட்டன், ஐஸ்லாந்து, நார்வே, கிழக்கு கனடா, இங்கெல்லாம் மே கடைசில இருந்து ஜூலை முதல் ரெண்டு வாரம் வரைக்கும்தான் உச்சம். அந்த நேரத்துல போனா முட்டை, குஞ்சு, மீன் தூக்கிட்டு வர்ற அப்பா அம்மா எல்லாத்தையும் ஒரே நாள்ல பாத்துடலாம். ஜூலை கடைசில போனீங்கன்னா கில்லிமாட்டும் ரேசர்பில்லும் (பாறைல கூட்டமா இருக்கிற கறுப்பு வெள்ளை கடற்பறவைங்க) கிட்டத்தட்ட காலி பண்ணிட்டு போயிருக்கும், கலர் அலகோட இருக்கிற குட்டிப் பறவை பஃபினும் பிரிட்டன்ல ஆகஸ்ட் தொடக்கத்துக்குள்ள கிளம்பிடும், நேத்து வரைக்கும் இருந்த கூட்டம் எங்கன்னே தெரியாது. ஸ்கூல் லீவு ஆகஸ்ட்ல தான், வேற வழியே இல்லங்கிறவங்க கானட்ங்கிற பெரிய வெள்ளை கடற்பறவையோட காலனியா பாத்து போங்க, அது செப்டம்பர் வரைக்கும் கூட்டுலயே இருக்கும், குஞ்சுங்க கறுப்பு உடம்புல வெள்ளை புள்ளியோட அம்மா அளவுக்கே வளந்து உக்காந்திருக்கும், அதுவே தனி அழகு.

தெற்கு பாதி உலகத்துல எல்லாம் தலைகீழ். நியூசிலாந்து கேப் கிட்னாப்பர்ஸ் கானட்டுக்கு நவம்பர்ல இருந்து பிப்ரவரி நல்ல நேரம். அதே நாட்டுல ஒட்டாகோ தீபகற்பத்துல டயரோவா ஹெட்னு ஒரு முனை இருக்கு, அங்க ராயல் ஆல்பட்ராஸ் கூடு கட்டுது, விரிச்ச இறக்கை மூணு மீட்டர் இருக்கும், முட்டை போடுறதுல இருந்து குஞ்சு பறந்து போற வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷமே ஓடிடும், அதனால அங்க வருஷத்துல பெரும்பாலான மாசம் ஏதாவது ஒரு கட்டம் பாக்கலாம்.

வெப்பமண்டல தீவுங்கள்ல காலண்டர நம்பவே முடியாது. அட்லாண்டிக் நடுவுல இருக்கிற அசென்ஷன் தீவுல சூட்டி ஆலாங்க (ஆலான்னா இங்கிலீஷ்ல டெர்ன்) வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வர்றது கிடையாது, ஏறத்தாழ 10 மாசத்துக்கு கொஞ்சம் குறைவா ஒரு சுத்து, அதனால போன வருஷம் மார்ச்ல பாத்தவரு சொன்னத கேட்டு இந்த வருஷம் மார்ச்ல போனா வெறும் மணல் தான் இருக்கும். லட்சத்தீவோட பிட்டி தீவு, ராமர் பாலத்து மணல் திட்டுங்க, இங்கெல்லாம் ஆலாங்க கூடு கட்டுது, ஆனா இந்த மாதிரி சின்ன திட்டுல இறங்கி பாக்கணும்னு ஆசையே படாதீங்க. முட்டை வெறும் மணல்ல கிடக்கும், அம்மா எழுந்து போன கொஞ்ச நேரத்துலயே வெயில் அத வேக வச்சிடும்.

படி 2: எந்த மாதிரி காலனின்னு தெரிஞ்சுக்கோங்க

மலைமுனை மேல நின்னு பாக்குறது ஒரு வகை, இதுதான் முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது. இங்கிலாந்து பெம்ப்டன் கிளிஃப்ஸ் மாதிரி இடத்துல வேலி போட்டு, பாக்குறதுக்குன்னே மேடை கட்டி வச்சிருப்பாங்க, படகு கேன்சல் ஆகுற தொல்லை இல்ல, நாள் முழுக்க நிக்கலாம், பறவைங்களும் மேல நிக்கிற ஆளுக்கு பழகியிருக்கும்.

படகுல இருந்து பாக்குறது ரெண்டாவது. ஸ்காட்லாந்து பாஸ் ராக் மாதிரி இடத்துக்கு கீழ இருந்து பாத்தாதான் அதோட பிரம்மாண்டம் புரியும். தீவுல இறங்கி நடக்குறது மூணாவது, இங்கிலாந்து ஃபார்ன் தீவுங்க, வேல்ஸ் ஸ்கோமர் எல்லாம் இப்படித்தான், பறவைக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு கயிறு மட்டும் இருக்கும், அதனால பொறுப்பும் அதிகம். அப்புறம் மணல்வெளி காலனிங்க, ஆலாவும் உப்புக்கொத்திங்கிற சின்ன கரையோரப் பறவையும் திறந்த கடற்கரையிலயே முட்டை போடுற இடம், பாக்க சாதாரண பீச் மாதிரி தான் இருக்கும், அதான் அங்க ஆபத்தே. கடைசியா ராத்திரி காலனிங்க, அத பத்தி தனியா கீழ சொல்றேன்.

படி 3: நாள், நேரம், கடல்

பஃபின் மதிய நேரத்துல பெரும்பாலும் கடல்லயோ வளைக்குள்ளயோ இருக்கும், சாயங்காலம் ஆக ஆக வளை வாசல்ல கூட்டம் சேரும். கானட் நாள் முழுக்க இருக்கும். பெங்குயின் சில இடத்துல இருட்டினதுக்கு அப்புறம்தான் கரையேறும். மேப்ப திறந்து பாறை எந்தத் திசைய பாத்து நிக்குதுன்னும் ஒரு பார்வை பாத்துடுங்க, கிழக்கு பாத்த பாறைல காலைல வெளிச்சம் அருமையா விழும், மதியத்துக்கு மேல போனா எல்லாம் நிழலா கறுத்துப்போய் கிடக்கும். போட்டோ எடுக்காதவங்களுக்கும் இது முக்கியம், ஏன்னா வெளிச்சம் இல்லாம எது எந்தப் பறவைன்னே பிரிக்க முடியாது.

டைட் டேபிள், அதாவது கடல் தண்ணி ஏறுற (ஹை டைட்) இறங்குற (லோ டைட்) நேரப் பட்டியல், கண்டிப்பா பாருங்க. மணல்வெளி காலனிக்கு லோ டைட்ல போனா ஈர மணல்லயே நடந்துடலாம், ஹை டைட்ல போனா நடக்குறதுக்கு மிஞ்சுறது கூடு இருக்கிற காஞ்ச மணல் மட்டும்தான். கேப் கிட்னாப்பர்ஸ்ல கடற்கரை ஓரமா நடக்குறதே லோ டைட்ட நம்பித்தான், அதுலயும் 2019 ஜனவரியில அங்க மலை சரிஞ்சு விழுந்து ரெண்டு டூரிஸ்ட் அடிபட்டாங்க, அதனால செங்குத்து மலை அடிவாரத்துல நின்னு இளைப்பாறுறது, சாப்பிட உக்கார்றது எல்லாம் எந்த நாட்டுலயும் வேண்டாம்.

தீவுல இறங்குற டிரிப்னா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, வெயில் அடிக்குது, காத்தே இல்ல, ஆனாலும் படகுக்காரர் "இன்னைக்கு இறங்க முடியாது"ன்னு சொல்வாரு. எங்கயோ தூரத்துல அடிச்ச புயலோட அலை ரெண்டு நாள் கழிச்சு இந்த தீவு பாறைல வந்து மோதிக்கிட்டு இருக்கும், படகு ஏறி இறங்குற இடத்துல ஒரு மீட்டர் மேலயும் கீழயும் ஆடும்போது ஆள இறக்கி விட முடியாது. அவர்கிட்ட சண்டை போடாதீங்க, அதுக்கு பதிலா பிளான்லயே ஒரு நாள் கூடுதலா வச்சுக்கிட்டு முதல் நாளுக்கே படகு புக் பண்ணுங்க, கேன்சல் ஆனா அடுத்த நாள் கையில இருக்கும்.

படி 4: அனுமதி, புக்கிங்

ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு வச்சு விடுற தீவுங்க நிறைய. சீசன் தொடங்குறதுக்கு பல மாசம் முன்னாடியே இடம் தீர்ந்துடும். கிளம்புற வாரம் மறுபடி ஒரு தடவை அவங்க அறிவிப்ப பாருங்க, பறவைக்காய்ச்சல் வந்தா தீவையே மூடிடுவாங்க. 2022ல ஃபார்ன் தீவுங்கள அப்படித்தான் மூடினாங்க, அதுல ஒண்ணான இன்னர் ஃபார்ன்ல மறுபடி ஆளுங்கள இறங்க விட்டது 2024ல.

படி 5: பையில என்ன வைக்கணும்

பைனாகுலர் 8×42 போதும். 8 தடவை பெருசாக்கி காட்டும், 42 மில்லிமீட்டர் லென்ஸ் நல்லா வெளிச்சம் வாங்கும். 10 மடங்கு வாங்கினா இன்னும் நல்லா தெரியுமேன்னு தோணும், ஆனா ஆடுற படகுல அது கை நடுக்கத்தையும் சேத்து பெருசாக்கும், பாக்கவே முடியாது. மலை மேல நிக்கிறவங்களுக்கு ஸ்டாண்டோட ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (பறவை பாக்குற சின்ன டெலஸ்கோப்) கிடைச்சா சொர்க்கம், கில்லிமாட் கால் இடுக்குல இருக்கிற குஞ்சு வரைக்கும் தெரியும்.

தொப்பி கட்டாயம், அதுவும் கெட்டியான தொப்பி, எச்சத்துக்கு மட்டும் இல்ல, ஆலா கொத்துறதுக்கும். காத்து தடுக்குற ஜாக்கெட், வெயில் காலமா இருந்தாலும். வழுக்காத ஷூ, எச்சம் படிஞ்ச ஈரப் பாறை சோப்பு போட்ட தரைக்கு சமம். துவைக்க முடியாத நல்ல துணி வேண்டாம். சாப்பாடு தண்ணி எல்லாம் கையோட, நிறைய தீவுல ஒண்ணும் கிடைக்காது, குப்பையும் கையோட திரும்பி வரணும். படகு ஒத்துக்காதவங்க மாத்திரைய ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுக்கோங்க, ஆட ஆரம்பிச்ச பிறகு போட்டு பிரயோஜனம் இல்ல.

நாய வீட்ல விட்டுட்டு வாங்க. கயிறுல கட்டி இருந்தாலும் தரையில கூடு கட்டுற பறவைக்கு அது நரி தான்.

முந்தின நாள் ராத்திரி இன்னொரு வேலை இருக்கு, இத யாரும் பெருசா எடுத்துக்குறது இல்ல ஆனா எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்னு படுது. பைய முழுசா கவுத்து உதறி, ஷூவோட அடிய பிரஷ் போட்டு தேச்சு கழுவுங்க. எலி, சுண்டெலி, எறும்பு, களை விதை, எதுவும் தீவுக்கு போகக்கூடாது. தீவுல வளந்த பறவைக்கு எலிய எதிர்க்கவே தெரியாது. தெற்கு அட்லாண்டிக் கஃப் தீவுல சுண்டெலிங்க தன்ன விட பல நூறு மடங்கு எடை இருக்கிற ஆல்பட்ராஸ் குஞ்ச உயிரோட கடிச்சு தின்னுது, குஞ்சு நகரக்கூட செய்யாம உக்காந்திருக்கும். இதுக்கு நேர்மாறா இங்கிலாந்து லண்டி தீவுல 2000களோட தொடக்கத்துல எலிய முழுசா ஒழிச்சாங்க, அப்போ விரல் விட்டு எண்ணுற அளவுக்கு இருந்த பஃபின் இப்போ ஆயிரத்த தாண்டிடுச்சு. ஒரே ஒரு கர்ப்பிணி எலி ஒரு பையில ஏறி போனா இத்தனை வருஷ உழைப்பும் வீண், அதனாலதான் படகுத்துறைல பைய திறந்து காட்டச் சொல்றாங்க, முகம் சுளிக்காம காட்டுங்க.

படி 6: போய் சேந்ததும் முதல் பத்து நிமிஷம்

கேமராவ வெளிய எடுக்காதீங்க, பைனாகுலரும் வேண்டாம். முதல்ல வாடை அடிக்கும், எச்சத்துல இருந்து வர்ற அமோனியா, கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிடும். சத்தமும் முதல்ல ஒரே இரைச்சலா இருக்கும், அஞ்சு நிமிஷம் சும்மா நின்னா அது பிரிய ஆரம்பிக்கும், கீழ இருந்து வர்ற உறுமல் கில்லிமாட், தன் பேரையே "கிட்டி-வேக், கிட்டி-வேக்"னு கத்துறது கிட்டிவேக், கரகரன்னு கேக்குறது கானட்.

அப்புறம் பாறைய மாடி மாடியா படிங்க, வட அட்லாண்டிக் பாறைன்னா யாரு எந்த மாடில குடியிருக்காங்கன்னு ஒரு ஒழுங்கு இருக்கும். தண்ணிக்கு கிட்ட, கீழ் பாறைங்கள்ல ஷேக், அது நீர்க்காகத்தோட சொந்தம். அதுக்கு மேல குறுகலான நீள விளிம்புங்கள்ல கில்லிமாட், தோளோட தோள் ஒட்டி வரிசையா நிக்கும், கூடே கிடையாது, வெறும் பாறைல ஒரே ஒரு முட்டை, ஒரு பக்கம் கூம்பி பேரிக்கா வடிவத்துல. ஒவ்வொரு முட்டையோட நிறமும் கோடும் வேற வேற, அத வச்சுத்தான் அந்த நெரிசல்ல தன் முட்டைய அடையாளம் கண்டுபிடிக்குது. இடுக்கு, பொந்து, கல்லுக்கு அடியில ரேசர்பில். கால் வைக்கவே இடம் இல்லாத சின்ன முண்டுல சேத்தையும் பாசியையும் ஒட்ட வச்சு கூடு கட்டுறது கிட்டிவேக். மேல புல் தரையில மண்ண தோண்டி பஃபின். மேல் பக்கத்து அகலமான விளிம்புல ஃபுல்மர், பாக்க சாதுவான கடற்காகம் மாதிரியே இருக்கும், மூக்கு மேல குழாய் இருக்கான்னு பாருங்க, இருந்தா கிட்ட போகாதீங்க, வயித்துல இருக்கிற நாத்தம் புடிச்ச எண்ணெய ஒரு மீட்டருக்கு மேல பீச்சி அடிக்கும், குஞ்சும் அடிக்கும், துணிய விட்டு அந்த வாடை லேசுல போகாது.

இதெல்லாம் பாத்துட்டு ஒரே ஒரு ஜோடிய தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் அதையே பாருங்கன்னு தான் சொல்லுவேன். கானட்னா இன்னும் நல்லது. கடல்ல இருந்து ஒண்ணு வந்து இறங்கும், இறங்குற இடம் ஒரு முழம் தப்பினாலும் பக்கத்து கூட்டுக்காரன் கொத்துவான், கூடுங்க அலகு எட்டுற தூரத்துக்கு கொஞ்சம் தள்ளி தள்ளி அளந்து வச்ச மாதிரி இருக்கிறதே அதனாலதான். ஜோடி எழுந்து நெஞ்சோட நெஞ்சு முட்டி நிக்கும், இறக்கைய லேசா விரிச்சு அலக வானத்த பாத்து தூக்கி, ரெண்டும் வாள் சண்டை போடுற மாதிரி அலக டக் டக்குனு உரசும், நடுநடுவுல தலைய குனியும், திரும்ப உரசும். அப்புறம் ஒண்ணு கழுத்த நேரா மேல நீட்டி அலக வானத்துக்கு காட்டிக்கிட்டு மெல்ல காலத் தூக்கும், "நான் கிளம்புறேன், முட்டைய நீ பாத்துக்கோ"ன்னு அர்த்தம், அத பாத்த அடுத்த செகண்ட் பறக்கும்னு தெரிஞ்சு கேமராவ தயாரா வச்சுக்கலாம். தூரத்துல கடல்ல பாத்தா இதே பறவைங்க 30 மீட்டர் உயரத்துல இருந்து கூட இறக்கைய பின்னால மடக்கி மணிக்கு 100 கிலோமீட்டர் பக்கத்து வேகத்துல தண்ணிக்குள்ள பாயும்.

ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்துல சாயங்காலம் வரைக்கும் இருக்க முடிஞ்சா இருங்க. கில்லிமாட் குஞ்சு மூணு வார வயசுல, பறக்கவே தெரியாத நிலைமைல, அந்தி நேரத்துல பாறை விளிம்புக்கு வந்து நிக்கும். கீழ கடல்ல இருந்து அப்பா கூப்பிடுவாரு. குஞ்சு எட்டிப் பாக்கும், பின்வாங்கும், மறுபடி வரும், கடைசில குட்டி இறக்கைய அடிச்சுக்கிட்டு குதிச்சிடும். தப்பிச்சு தண்ணிய தொட்டதும் அப்பாவும் பிள்ளையும் ஒருத்தர ஒருத்தர் குரல வச்சு கண்டுபிடிச்சு நடுக்கடலுக்கு நீந்திப் போயிடுவாங்க, அடுத்த பல வாரம் வளக்குறது அப்பா தான்.

படி 7: எவ்வளவு கிட்ட போகலாம்

நிறைய பேர் மீட்டர் கணக்கு கேப்பாங்க. ரிசர்வ்ல ஒரு தூரம் எழுதி வச்சிருந்தா அதான் சட்டம், பேச்சே இல்ல. ஆனா எழுதாத இடத்துல பறவையே சொல்லும். உங்களால அது செஞ்சுக்கிட்டு இருந்த வேலைய நிறுத்தினா நீங்க கிட்ட போயிட்டீங்க. தூங்கிக்கிட்டு இருந்தது தலைய தூக்கி உங்கள பாக்குது, உக்காந்தது எழுந்து நிக்குது, கழுத்து நீளுது, தலை மேலயும் கீழயும் ஆடுது, கத்தல் தொனி மாறுது, இதெல்லாம் பறக்குறதுக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கை. பறந்த பிறகு "ஐயோ"ன்னு பின்வாங்கி பிரயோஜனம் இல்ல, கில்லிமாட் வரிசை ஒண்ணா பயந்து பறந்தா கால் மேல இருந்த முட்டைங்க உருண்டு கீழ விழும், மிச்சத்த தூக்கிட்டு போக கடற்காகம் பக்கத்துலயே காத்துக்கிட்டு இருக்கும், எல்லாம் அரை நிமிஷத்துல முடிஞ்சிடும்.

பஃபின் தீவுல இன்னொரு அறிகுறி இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாததால சந்தோஷமா போட்டோ எடுத்துக்கிட்டு நிப்பாங்க. அலகுல குறுக்கால வரிசையா மீன அடுக்கிக்கிட்டு ஒரு பஃபின் உங்க தலைக்கு மேல சுத்தி சுத்தி வருது, இறங்கப் பாக்குது, இறங்காம திரும்ப கடல் பக்கம் போகுதுன்னா, நீங்க அதோட வளைக்கு வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. உள்ள குஞ்சு பசியோட இருக்கு. மீனோட சுத்துற ஒவ்வொரு சுத்துலயும் கடற்காகம் அத பிடுங்குற வாய்ப்பு வேற. ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஒரே இடத்துல நிக்காம நகந்து போங்க, நகந்த உடனே விருட்டுனு உள்ள நுழையும் பாருங்க.

பாதைய விட்டு புல் மேல கால் வைக்கவே கூடாது. கீழ மண்ணெல்லாம் குடைஞ்சு கிடக்கும், வளை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் போகும், மேல் மண்ணு சில இடத்துல விரல் அளவு கனம் தான், உங்க எடைக்கு அப்படியே உள்ள போயிடும், உள்ள இருக்கிற ஒத்தக் குஞ்சோட. மணல்வெளில முட்டையும் கூழாங்கல்லும் ஒரே நிறம், அதனால கயிறு கட்டியிருந்தா அதுக்கு வெளிய ஈர மணல்ல மட்டும் நடங்க. ஒரு உப்புக்கொத்தி இறக்கை உடைஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டு உங்க முன்னாடி ஓடினா அதுக்கு அடிபடல, கூட்ட விட்டு உங்கள திசை திருப்புது, காலடிய பாத்து வந்த வழியே திரும்புங்க.

ஆலா தலைய கொத்துனா

ஆர்க்டிக் ஆலா தன்னோட கூட்டு பக்கம் யாரையும் விடாது, மேல இருந்து பாய்ஞ்சு தலைல கொத்தும், ரத்தமே வரும். இன்னர் ஃபார்ன்ல படகு விட்டு இறங்கின பாதை ஓரத்துலயே அதுங்க கூடு இருக்கு, தப்பிக்க வழியே கிடையாது. ஓடாதீங்க, கையால விரட்டி அடிக்காதீங்க. அது எப்பவும் உயரமான புள்ளிய தான் தாக்கும், அதனால தொப்பிக்கு மேல கையயோ ஒரு குச்சியையோ ஆட்டாம தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, தரையில குஞ்சு ஓடுதான்னு பாத்து பாத்து நிதானமா நடந்து தாண்டிடுங்க. 100 கிராம் சுத்தி தான் இருக்கும் அந்தப் பறவை, ஆர்க்டிக்குக்கும் அண்டார்டிக்குக்கும் நடுவுல வருஷத்துக்கு 70,000 கிலோமீட்டருக்கு மேல பறக்குதுன்னு கிரீன்லாந்து பறவைங்க மேல கருவி மாட்டி கண்டுபிடிச்சிருக்காங்க, அவ்வளவு தூரம் வந்தது இந்த முட்டைங்களுக்காகத்தான், கொத்தத்தான் செய்யும்.

போட்டோ எடுக்குறவங்களுக்கு

பறக்குற பறவைக்கு ஷட்டர் 1/2000 வச்சுக்கோங்க. வெள்ளைப் பறவை பின்னால கறுத்த கடல் இருந்தா கேமரா ஏமாந்து வெளிச்சத்த ஏத்திடும், இறகு எல்லாம் வெளுத்துப் போயிடும், எக்ஸ்போஷர முக்கால்ல இருந்து ஒரு ஸ்டாப் குறைங்க. பறவைய துரத்தாம காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து நில்லுங்க, காத்த எதிர்த்து தான் அதுங்க இறங்கும், முதுகுல காத்து படுற மாதிரி நின்னா முகம் பாத்து வரும்.

ஃபிளாஷ் எங்கயுமே வேண்டாம். ஆஸ்திரேலியா ஃபிலிப் தீவுல லிட்டில் பெங்குயின்னு சொல்ற சின்ன வகை பெங்குயின்ங்க இருட்டுல கரையேறுறத பாக்க போனா போன்ல கூட போட்டோ எடுக்க விடமாட்டாங்க, நல்ல ரூல், எல்லாரும் கண்ணால பாக்குறாங்க. ட்ரோன் பத்தி ஒரே ஒரு சம்பவம் சொன்னா போதும். 2021 மே மாசம் கலிபோர்னியா போல்சா சிக்கால தடையை மீறி விட்ட ஒரு ட்ரோன் ஆலா காலனிக்குள்ள விழுந்துச்சு, ஆயிரக்கணக்கான பறவைங்க மிரண்டு அந்த இடத்தையே விட்டுட்டு போயிடுச்சு, 1,500க்கும் மேல முட்டைங்க அப்படியே மணல்ல அனாதையா கிடந்துச்சு. ஒரே ட்ரோன், ஒரு வருஷத்து மொத்த சந்ததி.

ராத்திரி காலனி

வேல்ஸ் பக்கம் ஸ்கோமர் தீவுல மாங்ஸ் ஷியர்வாட்டர்ங்கிற கடற்பறவை சுமார் 350,000 ஜோடி இருக்கு, ஆனா பகல்ல போனா ஒண்ணு கூட கண்ணுல படாது. கால் உடம்புக்கு ரொம்ப பின்னால இருக்கிறதால தரையில சரியா நடக்கவே வராது, கடற்காகத்துக்கு சுலபமா மாட்டிடும், அதனால நல்லா இருட்டின பிறகு தான் கூட்டுக்கு வரும், நிலா இல்லாத ராத்திரில இன்னும் அதிகம். இத பாக்கணும்னா தீவுலயே தங்கணும். சிவப்பு வெளிச்சம் இருக்கிற டார்ச் மட்டும், அதையும் காலடில அடிங்க, ஏன்னா பாதையிலயே உக்காந்திருக்கும். வெள்ளை வெளிச்சம் கண்ண கூச வச்சு அதுங்கள திசை தடுமாற வைக்கும்.

பிள்ளைங்களோட போறவங்க

வேலிய தாண்டாதீங்க, விளிம்புல புல் தலை நீட்டிக்கிட்டு இருக்கும், அடியில மண்ணே இருக்காது. காத்து கடல் பக்கம் தள்ளுற நாள்ல இன்னும் ஒரு படி பின்னாலயே நில்லுங்க, பிள்ளைங்க கையப் பிடிச்சுக்கோங்க. சின்ன பிள்ளைங்களுக்கு ரெண்டு மணி நேரம் போதும், "மீனோட வர்ற பறவைய எண்ணு"ன்னு ஒரு வேலை கொடுத்தா நச்சரிக்காம பாக்கும்.

செத்துப்போன பறவை கிடந்தா

தொடாதீங்க, பிள்ளைங்களையும் தொட விடாதீங்க. எச்5என்1 பறவைக்காய்ச்சல் 2022ல கடற்பறவைங்கள ரொம்ப மோசமா அடிச்சுது. பாஸ் ராக்ல 2014 கணக்குல 75,000க்கும் மேல இருந்த கானட் கூடுங்க 2023ல 52,000 பக்கத்துக்கு இறங்கிடுச்சு, பிழைச்ச பறவைங்க சிலதோட வெளிர் நீலக் கண்ணு கறுப்பா மாறியிருந்தது. செத்தது, தலை சுத்தி ஆடுறது எதப் பாத்தாலும் இடத்த குறிச்சுக்கிட்டு ரேஞ்சர்கிட்ட சொல்லுங்க. ஷூவ முக்கி எடுக்க மருந்து தண்ணி வச்சிருந்தா ஒழுங்கா ரெண்டு காலையும் முக்குங்க, ஒரே நாள்ல ரெண்டு காலனி போற பிளான் இருந்தா நடுவுல ஷூவ கழுவாம போகாதீங்க.

படி 8: திரும்பி வந்த பிறகு

எடுத்த போட்டோவ எல்லாம் பெருசாக்கி காலப் பாருங்க. ஆராய்ச்சிக்காரங்க மாட்டுற வளையம் இருந்தா, நம்பரோ கலரோ படிக்க முடிஞ்சா, இடம் தேதியோட அந்த நாட்டு வளையத் திட்டத்துக்கு அனுப்புங்க, பறவை எங்க எப்போ வளையம் போட்டதுன்னு பதில் வரும். இத சின்ன விஷயமா நினைக்காதீங்க. 1956ல அமெரிக்க பறவை ஆய்வாளர் சாண்ட்லர் ராபின்ஸ் பசிபிக் கடல்ல இருக்கிற மிட்வே தீவுல ஒரு லேசான் ஆல்பட்ராஸுக்கு வளையம் போட்டாரு, 46 வருஷம் கழிச்சு 2002ல அதே தீவுல ஒரு பறவைக்கு வளையம் மாத்தும்போது பழைய பதிவ தேடினா அது அவரே போட்டது. விஸ்டம்னு பேரு வச்ச அந்தப் பறவை 2024 கடைசிலயும் ஒரு முட்டை போட்டுச்சு, வயசு 74 பக்கம். ஒரு வளையத்த ஒருத்தர் ஒழுங்கா படிச்சதாலதான் கடற்பறவை இவ்வளவு காலம் வாழும்னே உலகத்துக்கு தெரிஞ்சுது.

பாத்த பறவை, எண்ணிக்கை எல்லாம் ஈபேர்ட்ல (பறவை பாக்குறவங்க பதிவு போடுற வெப்சைட்) ஏத்திடுங்க, கூடு இருக்கிற துல்லியமான இடத்த மட்டும் பொதுவுல போடாதீங்க, முக்கியமா வேலி இல்லாத மணல்வெளி காலனினா. ஷூ, ஸ்டாண்டு கால், பை அடி எல்லாத்தையும் அன்னைக்கே கழுவி காய வைங்க, அடுத்து எந்த தீவுக்கு போகப் போறீங்களோ அங்க இருக்கிற பறவைங்களுக்காக.